ஐனார் வீட்டு வடக்குச் சுவர்

ஐனார் வீட்டு வடக்குச் சுவரிலிருந்து முதல் மீன் விழுந்தது 1981ஆம் வருஷம் மார்ச் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, மாலை நாலு இருபதுக்கு. ஹெர்ரிங் மீன். நீளம் ஒரு சாணுக்கு ஒரு விரல் குறைவு. உயிரோடு இருந்தது. அதைத் தொடர்ந்து இன்னும் பத்து மீன்களும் அரை வாளி உப்புத் தண்ணீரும் விழுந்தன. அந்த வாரம் காற்று பலமாக இருந்ததால் எங்கள் ஹ்விட்சுண்ட் துறைமுகத்தில் படகு எதுவும் கிளம்பவில்லை, கடைகளில் மீனே கிடையாது. ஆகவே விஷயம் பரவியதும் ஊரார் கேட்ட முதல் கேள்வி, எத்தனை விழுந்தது என்பது. இரண்டாவது கேள்வி, நாளைக்கும் விழுமா என்பது. எப்படி விழுந்தது என்று கேட்டவர் இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர்தான். அவரும் தன்னிடம் இருந்த படிவத்துக்காகத்தான் கேட்டார். தண்ணீர் மேலேயிருந்து வந்ததா, கீழேயிருந்து வந்ததா என்று இரண்டு கட்டங்கள் மட்டும் அதில் இருந்தன. நேராக வந்தது என்று ஐனார் சொன்னதும் அவர் பேனாவை மூடிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஐனாருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. எனக்கும் அதே வயதுதான். ஊர்ப் பால்பண்ணையில் இருவரும் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தோம். நான் உப்புத் தொட்டியில், அவன் சீஸ் கிடங்கில். சீஸைத் தட்டிப் பார்ப்பது அவன் வேலை. பலகைகளில் முற்றிக்கொண்டிருக்கும் சீஸ் ஒவ்வொன்றையும் சின்ன மரச் சுத்தியலால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, உள்ளே ஓட்டை எத்தனை, எந்த அளவு, எங்கே வெடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். வெட்டிப் பார்த்தால் அவன் சொன்னபடியே இருக்கும். முப்பத்தோரு வருஷத்தில் இரண்டே தடவை தப்பியது, இரண்டு தடவையும் அவனுக்குச் சளி. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, கார் ஷெட்டைப் பாட்டுக் கேட்கும் அறையாக மாற்ற ஆரம்பித்தான். ஒன்றரை வருஷம் பிடித்தது. இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் ஃபியோர்டு என்கிற கடல்கழியின் கரையில் ஒதுங்கும் கடல் புல்லை உலர்த்தி அடைத்தான். ஸ்பீக்கர் இரண்டையும் தானே அறுத்து, தானே ஒட்டினான், ஆள் உயரத்துக்கு. தினமும் காலையில் தரை, சுவர், கூரை எல்லாவற்றையும் அந்தச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவான். சத்தம் பிடிக்காத பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு பலகை அடிப்பான். அந்த வீட்டில் மரங்கொத்தி கூடு கட்டியிருக்கிறது என்று தபால்காரர் மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தார்.

அறை தேவைக்கு மேல் நன்றாக அமைந்துவிட்டது என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். இசைத்தட்டில் பியானோ வாசிக்கிறவர் தாளைப் புரட்டினால் அந்தக் காற்றில் இங்கே மேஜைமேல் மெழுகுவத்தி அணைந்தது. நானே பார்த்தேன். அப்படிப்பட்ட அறையில், கேட்பதற்குச் சரியான இடம் ஒன்றே ஒன்று, அதன் அகலம் ஓர் ஆள் என்று ஐனார் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தான். அங்கே ஒரு நாற்காலியை வைத்து, நாலு கால்களையும் திருகாணியால் தரையோடு முடுக்கினான். கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷமான அவனுக்கு இதில் எதுவும் உறுத்தவில்லை. பார்க்கப் போன எங்களுக்கும் உறுத்தவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் எல்லோரும் நாற்காலியை ஆட்டிப் பார்த்து, நன்றாக முடுக்கியிருக்கிறான் என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

அவன் மனைவி போடில் சத்தமாகச் சிரிக்கிறவள். சமையலறையில் அவள் சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்காரும். அறை முடிந்த அன்று அவள் கேக் சுட்டு, காபி வைத்து, சமையலறை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் மூலையில் உட்கார்ந்து, மடியில் கம்பளிப் பின்னலை எடுத்துக்கொண்டாள். இசைத்தட்டு ஓடியது. மெதுவான பகுதி வந்தபோது பின்னல் ஊசிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் அந்த அறையில் கதவைத் தட்டுகிற மாதிரி கேட்டது. ஐனார் எழுந்து போய்த் தட்டிலிருந்து முள்ளைத் தூக்கினான். அவள் கையிலிருந்த ஊசிகளைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் பக்கத்தில் இது, வேறு ஊர்களில் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வீசி உடைப்பதற்குச் சமம். போடில் நூலைச் சுருட்டினாள், ஸ்டூலை எடுத்துக்கொண்டாள், வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த வாசலைத் தாண்டவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. காபி கொடுத்தாள், வானிலை பேசினாள், எங்கள் வழக்கப்படி அவன் பிறந்தநாளுக்குக் கொடி ஏற்றினாள். அறைக்குள் மட்டும் கால் வைக்கவில்லை.

தான் செய்தது என்ன என்று ஐனாருக்கு உறைக்க மூன்று வாரம் ஆனது. உறைத்த பிறகு என்ன செய்வது? எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்பது என்றால் எதற்காவது பெயின்ட் அடிப்பது. அவன் வாசல் கேட்டுக்கு அடித்தான். பிறகு தபால் பெட்டிக்கு. பிறகு, கோழி வளர்ப்பதை நிறுத்திப் பதினாலு வருஷம் ஆன கோழிக்கூட்டுக்கு. போடில் ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்த்து, "மோசமில்ல" என்றாள். அதற்கு மேல் எங்கள் ஊரில் பாராட்டு கிடையாது. பிள்ளை பிறந்தாலும் அதுதான், ராணி வந்து போனாலும் அதுதான். ஆனால் அவள் உள்ளே வரவில்லை. ஐனார் தனியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நாட்டிலேயே நல்ல சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இளைத்துப் போனான். ஒருநாள் துறைமுகத்து பெஞ்சில் என்னிடம் சொன்னான்: "எல்லாம் கேக்குது. மூச்சு இழுக்கிறது வரைக்கும் கேக்குது. 'கேட்டியா'ன்னு திரும்பிப் பாத்தா பக்கத்துல ஆளில்ல." அப்படிச் சொன்ன மறுநிமிஷமே காற்று திசை மாறிவிட்டது என்று பேச்சை மாற்றினான். எனக்கு அவன்மேல் இரக்கமாகவும் இருந்தது, கன்னத்தில் இரண்டு அறை கொடுக்கலாம் போலவும் இருந்தது.

அறையில் ஒரு குறை பாக்கி இருந்தது. வடக்குச் சுவர் வெறுமையாக இருந்ததால் கை தட்டினால் சத்தம் அங்கே மோதித் திரும்பி வந்தது. அங்கே பெரிதாக ஏதாவது மாட்ட வேண்டும். படம் என்றால் போடிலைக் கேட்க வேண்டும். ஏனென்றால் அவள் பத்தொன்பது வருஷமாகப் பால்பண்ணை ஓவியச் சங்கத்தின் தலைவி. மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, சங்கக் குழு ஊர் ஊராகப் போய்ப் படங்கள் வாங்கும். வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி அவற்றை உறுப்பினர்கள் எடுத்துப் போவார்கள். இந்த மாகாணத்தில் நல்ல படத்துக்கும் கெட்ட படத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவள் அவள்தான்.

"வடக்குச் செவுரு காலியா கெடக்கு, போடில். என்ன மாட்டலாம்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

"உன் ரூம், உன் செவுரு. நீயே பாத்துக்க."

"பத்தொம்போது வருஷமா ஊருக்கே படம் பாத்துத் தர்றவ நீ."

"ஊரு என்னை ஸ்டூலோட வெளிய அனுப்பலயே."

அன்றைக்கு ஐனார் முடிவு செய்துவிட்டான். வெறும் சுவருக்கு ஏற்ற படம் போதாது. அவளை வாசல் தாண்டி வரவைக்கிற படம் வேண்டும். அதைக் கண்டுபிடிக்காவிட்டால் மிச்ச ஆயுளை அந்த ஒற்றை நாற்காலியில் கழிக்க வேண்டியதுதான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

முதல் படத்தைத் தேவாலயத்துப் பழைய சாமான் கடையில் எடுத்தான். சாம்பல் நிறக் கடல், இரண்டு படகு. மாட்டிவிட்டு செல்லோ தட்டு ஒன்றைப் போட்டான், மீன் விழுந்தது. அந்த அறையில் சத்தம் அவ்வளவு சரியாக இருந்ததால் படத்துக் கடலால் சும்மா இருக்க முடியவில்லை. வாளி கொண்டு வா என்று அவன் கத்தினான். போடில் வாளியோடு ஓடிவந்தாள். வாசலில் சட்டென்று நின்றாள். உடம்பு வெளியே, கை மட்டும் உள்ளே, வாளியை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"உள்ள வா! துள்ளுதுங்க, பிடிக்க முடியல!"

"வாளியை வாங்கு. துள்றதை நீ பிடி. பொரிக்கிறது நான்."

பொரித்தாள். மிச்சத்தை வினிகரில் ஊறவைத்தாள். கறுப்பு ரொட்டியோடு நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம், நல்ல மீன். ஐனார் மெல்லிசான சங்கீதமாகப் பார்த்துப் புல்லாங்குழல் போட்டபோது இறால் வந்தது. ஆர்கன் போட்ட அன்று வந்ததை நாலு பேர் சேர்ந்து தூக்கித் துறைமுகத்தில் விட வேண்டியதாயிற்று. மூன்று வாரத்தில் தெரு முழுக்க மீன் சலித்துவிட்டது. உப்புத் தண்ணீரில் ஸ்பீக்கரின் அடிப்பலகை ஊதத் தொடங்கியது. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இரண்டாவது படம் போடிலின் அண்ணன் ஓலுஃப் கொண்டுவந்தது. "மச்சான், எங்க பெரிய மாமா படம் பரண்ல சும்மா கெடக்கு," என்றான். "நாப்பது வருஷம் பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவரு. சாதுவான மனுஷன். தொந்தரவே இருக்காது." வாத்தியார் முதல் நாள் தொண்டையைக் கனைத்தார். இரண்டாம் நாள் விரலால் சட்டத்தைத் தட்டினார். மூன்றாம் நாள், பின்வரிசையில் ஒருவன் காலால் தப்புத் தாளம் போடுகிறான் என்று சொன்னார்; அறையில் ஐனார் மட்டும்தான் இருந்தான். குரல் கேட்டு போடில் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, நான்தான், போடில்," என்றாள். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கூன் போடாம நிமிந்து நில்லு," என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த வேகத்தில் மரச்செருப்பு ஒன்று காலைவிட்டுக் கழன்று அறைக்குள் உருண்டது. ஐனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். போடில் போய்க் குடையை எடுத்துவந்து, அதன் வளைந்த பிடியால் செருப்பை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு போனாள். வாத்தியார் வெள்ளிக்கிழமைக்குள் மனப்பாடம் செய்யச் சொல்லி ஏழு பத்தி உள்ள தேவாலயப் பாட்டு ஒன்றைக் கொடுத்த பிறகு அவரும் பரணுக்குத் திரும்பினார்.

மூன்றாவது, நூலகத்துப் படம். எங்கள் நூலகம் புத்தகத்தைப் போலவே படத்தையும் மூன்று மாதத்துக்குக் கடன் கொடுக்கும். நூலகர் அஸ்தா, தொந்தரவில்லாத படம் என்று தேடி, வெள்ளைத் துணியில் ஒற்றைக் கறுப்புக் கோடு போட்ட ஒன்றைக் கொடுத்தாள். மீன் இல்லை, பேச்சு இல்லை. ஆனால் அது மாட்டிய நாளிலிருந்து எந்தத் தட்டைப் போட்டாலும் ஒரே ஒரு வாத்தியம்தான் கேட்டது. தொண்ணூறு பேர் வாசிக்கும் தட்டில் மூன்றாம் வரிசை வயோலாக்காரர் ஒருவர் வாசிப்பது மட்டும் வெளியே வந்தது; மற்ற எண்பத்தொன்பது பேரையும் படம் உள்ளே வைத்துக்கொண்டது. ஐனாருக்குப் பிடித்துத்தான் இருந்தது. இரண்டு வாரம் விடாமல் கேட்டான். ஒருநாள் துணி உலர்த்தப் போன போடில் வாசலில் நின்று காதைக் கொடுத்தாள்.

"யாரோ ஒரே ஆளு ரொம்ப நேரமா வாசிச்சிட்டிருக்கான். பாவம், அவனுக்குக் கூட யாரும் இல்லயா?"

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே பரிதாபப்பட்டாள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. கெடு முடிய இரண்டரை மாதம் இருக்கும்போதே படத்தை நூலகத்தில் கொடுத்துவிட்டு வந்தான்.

நவம்பர் மாதம் முதல் சனிக்கிழமை ஓவியச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், பால்பண்ணை கேன்டீனில். ஓய்வு பெற்றவர்களுக்கும், சந்தா கட்டும் மற்ற ஊராருக்கும் உண்டு. அந்த வருஷம் இருபத்தாறு உறுப்பினர்கள், சுவரில் இருபத்தாறு படங்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது நான், நோட்டு இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. முதலில் சாப்பாடு, பிறகு காபி, பிறகு சீட்டுக் குலுக்கல். யார் எண் முதலில் வருகிறதோ அவர் முதலில் தேர்ந்தெடுக்கலாம், அப்புறம் அடுத்தவர். விதி இவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் எழுந்து எல்லோர் முன்னாலும் இருப்பதிலேயே நல்லதை எனக்குக் கொடு என்று சொன்னால் அவன் தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று ஆகிவிடும். ஆகவே முதல் ஆள் இருப்பதிலேயே சின்னப் படத்தை எடுத்துக்கொண்டு, இது போதும் என்பார். இரண்டாம் ஆள் அதைவிடக் கொஞ்சம் பெரியதை. இப்படியே போய், மிக நல்ல படம் கடைசிச் சீட்டுக்காரருக்கு, வேறு வழியில்லாமல், போய்ச் சேரும். இருபத்து மூன்று வருஷமாக யாரும் தனக்குப் பிடித்த படத்தை எடுத்ததில்லை. எங்கள் வீட்டுச் சுவர்களில் தொங்குவதெல்லாம் அடக்கம்தான். என் வீட்டில் ஒரு வாளி தொங்குகிறது.

அந்த வருஷத்துப் பெரிய படம் ஃபியோர்டுக்கு அக்கரையில் இருந்த ஒரு பெண் வரைந்தது. சுவரில் பாதியை அடைத்திருந்தது. சிப்பி பிரிக்கும் கொட்டகை, நீண்ட மேஜை, பெஞ்சு, அதில் முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஒன்பது பெண்கள். ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி திட்டுகிறாள், ஒருத்தி பாடுகிறாள், ஒன்பது பேருக்கும் வாய் திறந்திருக்கிறது. இதை வாங்குவதற்காகப் போடில் குழுவோடு இரண்டு கூட்டம் சண்டை போட்டிருந்தாள். சாப்பாடு தொடங்கும் முன் அவள் காபிக் கோப்பையோடு அதன் முன்னால் போய் நின்றாள். கோப்பை ஆறிப்போனது, அவள் நகரவில்லை. ஐனார் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"ஒம்போது பேரு," என்றான் ஐனார் என் காதில்.

"எண்ணிட்டேன்."

"ஒம்போது பேருக்கும் வாய் தொறந்திருக்கு."

அந்தப் படம் அவன் அறையில் ஏறினால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்றரை வருஷம் சுவரைத் தட்டித் தட்டி உண்டாக்கிய அமைதி, மெழுகுவத்தியை அணைக்கிற அமைதி, அன்றோடு போய்விடும். அவன் ஹெர்ரிங் வைத்த ரொட்டியைப் பாதி கடித்துவிட்டுத் தட்டிலேயே வைத்தான்.

பால் கேனில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி போடில் முதல் சீட்டை எடுத்தாள். பதினேழு. ஐனாரின் எண். எல்லோரும் உள்ளங்கை அளவு இருந்த முட்செடிப் படத்தைப் பார்த்தோம். அவன் எடுக்க வேண்டியது அது. ஐனார் எழுந்து போனான். கையை மடக்கி, சீஸைத் தட்டுகிற மாதிரியே, ஒவ்வொரு சட்டமாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு போனான். முட்செடி காய்ந்த சத்தம் கொடுத்தது. பெரிய படத்தைத் தட்டியபோது உள்ளே ஏதோ பேச்சு சட்டென்று நின்றது, பிறகு ஒரு கொத்துப் பெண்கள் வெடித்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. முன் மேஜையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், நோட்டில் இருக்கிறது. அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். காது மடல் சிவந்துகொண்டே வந்தது. பிறகு திரும்பினான்.

"இது நல்லா இருக்கு," என்றான். கேன்டீனில் யாரோ முள்கரண்டியைக் கீழே போட்டார்கள். "இருக்கிறதிலயே இதுதான் நல்லா இருக்கு. இதுதான் எனக்கு வேணும்."

ஓலுஃப் பாதி எழுந்துவிட்டான். "மச்சான், மானத்தை வாங்காத, உக்காரு. மோசமில்லன்னு சொல்லு, போதும்."

"மோசமில்ல, மோசமில்லன்னு சொல்லித்தான் கோழியே இல்லாத கூட்டுக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருக்கேன்," என்றான் ஐனார். பிறகு போடிலை நேராகப் பார்த்தான். "அன்னிக்கு நான் முள்ளைத் தூக்குனது தப்பு. இதையும் எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடறேன்."

நான் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு தலைவியைப் பார்த்தேன்.

"ரெண்டையும் எழுதவா?" என்று கேட்டேன்.

"ரெண்டையும் எழுது," என்றாள் போடில். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

அடுத்த சீட்டு அஸ்தாவுக்கு. அவள் எழுந்து, முட்செடியைப் பார்த்து, ஐனாரைப் பார்த்து, தனக்கு அந்தச் சிவப்புக் குதிரைதான் வேண்டும், ஆறு வாரமாகத் தூங்கும்போதும் அதே நினைப்பு என்றாள். அதற்குப் பிறகு அணை உடைந்துவிட்டது. ஆட்கள் தங்கள் எண் வருவதற்கு முன்பே எழுந்து கைகாட்டினார்கள். ஓலுஃப், நாற்பது வருஷத்தில் தனக்கென்று எதையும் கேட்காத மனிதன், ஒரு ஆப்பிள் படத்துக்காக அழுதான். நான் எனக்கு வேண்டியதை எடுத்தேன். என்னவென்று சொல்லமாட்டேன், ஆனால் வாளி இல்லை. கடைசிச் சீட்டு போடிலுக்கு வந்தது, முட்செடி அவளுக்குப் போனது. அன்றைக்கு இருபத்தாறு பேரில் இருபத்தைந்து பேர் தங்களுக்குப் பிடித்த படத்தோடு வீட்டுக்குப் போனோம். அந்த மாதிரி ஒரு சத்தம் அந்தக் கேன்டீனில் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் மதியம் நாலு பேர் பெரிய படத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். ஃபியோர்டு காற்று அதைப் பாய் போலப் பிடித்து எங்களைத் தெருவோடு இழுத்தது. வடக்குச் சுவரில் மாட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, ஐனார் தட்டைப் போட்டான், மெதுவான சங்கீதம். ஒன்பது பெண்களும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். முதல் ஐந்து நிமிஷம் அவர்கள் வாயைத் திறந்தபடியே சும்மா இருந்ததால், தப்பித்தோம் என்று ஐனார் நினைத்தான். அப்போது மூத்தவள் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்:

"யாருடி அந்தத் தடியன், ஒத்தை நாற்காலில?"

"செலையா இருக்கும்."

"செலைக்கு எதுக்குடி ஸ்வெட்டரு?"

ஒன்பது பேரும் சிரித்த சிரிப்பில் வயலின்கள் காணாமல் போயின. ஐனார் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டான். போய் நின்றான். கை முள்ளுக்கு மேலே வந்து நின்றது. நானும் ஓலுஃபும் அந்தக் கையைப் பார்த்தோம். வாசலில் நின்ற போடிலும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்தது. பிறகு அவன் அதை எடுத்து, கால்சட்டைப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டான். தட்டு ஓடியது, பெண்கள் சிரித்தார்கள்.

"வாசல்ல நிக்கிறவளே, உள்ள வந்தா என்ன? காத்து வருது பாரு," என்றாள் மூத்தவள்.

"ஒரு நாற்காலிதான் இருக்கு. எங்க உக்கார்றது?" என்றாள் போடில்.

"அவன் கெடக்கான். இங்க வா." பெஞ்சில் ஒன்பது பேரும் ஆளுக்கு ஓர் இடுப்பு நகர்ந்தார்கள். ஓரத்தில் இடம் வந்தது.

போடில் செருப்பைக் கழற்றினாள். வாசலைத் தாண்டினாள். நேராக நடந்துபோய்ப் பாவாடையைத் தூக்கிப் பிடித்து ஒரு காலைச் சட்டத்தில் வைத்தாள். ஐனார் ஓடிவந்து கை கொடுத்தான். ஏறி உட்கார்ந்தாள். அங்கிருந்து இந்தப் பக்கம் திரும்பி, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ஐனாரு, இங்க வந்து கேளு. அந்த எடத்தைவிட இது நல்லாருக்கு."

"அது எப்பிடி? கணக்குப்படி..."

"கணக்கை அங்கயே வெச்சிட்டு வா."

அவனும் ஏறினான். பெண்கள் இன்னொரு இடுப்பு நகர்ந்தார்கள். அவன் போடிலோடு ஒட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டு, கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "கேட்டியா?" என்றான். கேட்டேன் என்றாள் அவள். ஓலுஃப் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவர்களுக்கும் சேர்த்தா, பதிமூன்று கோப்பையா என்று என்னைக் கேட்டு, காபி போடச் சமையலறைக்குப் போனான்.

அது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவர்கள் தினமும் இரண்டு மணிக்கு உள்ளே போவார்கள், ஆறு மணிக்கு உருளைக்கிழங்கு வேகவைக்க வெளியே வந்துவிடுவார்கள். வரும்போது சில நாள் ஒரு சட்டி சிப்பியும் கொண்டுவருவார்கள். மூத்தவளுக்கு முழங்கால் வலி என்று போடில் தைலம் கொண்டுபோய்க் கொடுத்தாள், இப்போது தேவலாம். பின்னல் வேலை ஒன்பது பேருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டதால் பத்து ஜோடி ஊசிகள் சத்தம் போடுகின்றன. அந்தச் சத்தத்துக்கு நடுவே வயலினைப் பிரித்துக் கேட்பது சீஸைத் தட்டுவதைவிடக் கஷ்டமான வேலை, அதனால்தான் இவ்வளவு சுகம் என்று ஐனார் சொல்கிறான். ஜனத்தொகை எடுக்க வந்த நகராட்சி ஆள், இருவரையும் படத்தில் பார்த்துவிட்டு, "வீட்டில் இருக்கிறார்கள்" என்று எழுதிக்கொண்டு போனார். ஒரே சிக்கல், தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும், பேச்சு மும்முரத்தில் உள்ளே இருக்கிற யாருக்கும் எழுந்துவர மனம் வராது. ஆகவே பின்கதவில் ஒரு தாள் ஒட்டி ஆளுக்கு ஒரு கிழமை எழுதியிருக்கிறோம். திங்கள் ஓலுஃப், செவ்வாய் அஸ்தா, இப்படி.

வியாழன் என் முறை. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தட்டைத் திருப்பிப் போட்டு, முள்ளை வைத்து, கையாட்டிவிட்டு, ஜன்னலோரம் நின்று அடுத்த பக்கம்வரை பேப்பர் படிப்பேன். போன வியாழக்கிழமை பேப்பரைப் பிரிக்கும்போது ஐனார் அங்கிருந்து என்னைப் பார்த்தான். போடிலை லேசாக இடித்து, இருவருமாக நகர்ந்து, பெஞ்சில் கையால் ஒருமுறை தட்டிக் காட்டினான். நான் தனிக்கட்டை, வீட்டில் எனக்காகக் காத்திருக்கும் வேலை ஒன்றும் இல்லை. பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, சட்டத்தில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தேன். தட்டைத் திருப்ப ஓலுஃபைக் கூப்பிட வேண்டியதாயிற்று.